இளமையில் தெரியும் உறவு

மறைமலைநகர், செங்கல்பட்டு மாணவர்கள் பலரும் மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். அங்கே அலை படும் பாறைகளில் சுண்ணாம்புக் கூம்புகள் போல ஒட்டிக்கொண்டிருப்பவை கொட்டலசுகள். கெட்டியான ஓடு இருப்பதால், சிப்பியும் நத்தையும் சேர்ந்த மெல்லுடலிகள் கூட்டத்திலேயே லின்னேயஸ் போன்ற அறிஞர்கள் இவற்றையும் வைத்தனர்.

படை மருத்துவராக இருந்த வாகன் தாம்சன், கடலில் நீந்தும் சில நுண்ணிய குஞ்சுகளைப் பாத்திரத்தில் வைத்துக் கவனித்தார். கால்களால் நீந்திய அவை ஓரிடத்தில் ஒட்டிக் கொட்டலசுகளாக மாறின! 1830-இல் இதை வெளியிட்டார். கொட்டலசு சிப்பிக்கு உறவல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. வளர்ந்த உடல் மறைத்த உண்மையை இளம் உடல் காட்டிவிட்டது.

இத்தகைய இளவுயிரிகள் பொறியாளர்களுக்கும் தொல்லை தருகின்றன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையம், கடலடியில் 468 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகக் குளிர்விக்கும் நீரை எடுக்கிறது. நீரோடு வரும் இளவுயிரிகள் சுவரில் ஒட்டி வளர்ந்து நீரோட்டத்தைத் தடுக்கின்றன. அதனால் நீரில் குளோரின் கலக்கிறார்கள். அப்படி ஒட்டுபவற்றுள் ஒன்றுதான் அசிடியன்.

அசிடியன் பார்ப்பதற்கு ஒரு சிறிய தோல்பை, இரண்டு துளைகள், தொட்டால் நீரைப் பீச்சும். தலையும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. ஆனால் 1866-இல் ரஷ்ய அறிஞர் கொவலேவ்ஸ்கி அதன் இளவுயிரியை ஆராய்ந்தபோது வியப்பு காத்திருந்தது. அது தவளையின் தலைப்பிரட்டை போல இருந்தது. வாலினுள் முதுகுநாண் என்னும் தண்டு. அதன் மேலே நரம்பு வடம்! தாயின் கருவில் நமக்கும் முதுகுநாண் உண்டு. பின்னர் அதைச் சுற்றியே முதுகெலும்பு அமைகிறது. அசிடியனிலோ, இளவுயிரி பாறையில் ஒட்டியதும் வாலும் முதுகுநாணும் மறைந்துவிடுகின்றன.

அதே 1866-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல், ஒவ்வோர் உயிரும் வளரும்போது தன் முன்னோரின் வளர்ந்த வடிவங்களை வரிசையாகக் கடந்து வருகிறது என்றார். ஆங்கிலேயர் கார்ஸ்டாங் 1922-இல் இதை மறுத்தார். 1928-இல் அவர் ஒரு கேள்வியை எழுப்பினார்: அசிடியன் போன்ற ஒரு முன்னோரின் இளவுயிரி ஒட்டாமலே, நீந்தியபடியே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியிருந்தால்? முதுகெலும்பிகள் அப்படித் தோன்றியிருக்கலாமே!

இளமை வடிவத்திலேயே இனம் பெருக்க முடியுமா? முடியும். மெக்சிகோ ஏரியில் வாழும் ஆக்சலாட்டில், தலைப்பிரட்டைக்குரிய வெளிச் செவுள்களுடனேயே முட்டையிடுகிறது. அதற்குத் தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் செவுள்களை இழந்து தரைவாழ் வடிவம் பெறுகிறது. ஒரு ஹார்மோனின் அளவும் காலமும் மாறினாலே உடலமைப்பு எவ்வளவு மாறுகிறது பாருங்கள்!

அப்படியானால் கார்ஸ்டாங் சொன்னது சரிதானா? 2006-இல் வெளியான மரபணு ஒப்பீடுகள், முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவினர் அசிடியன் கூட்டமே என்று காட்டின. எனவே இளவுயிரி சொன்ன உறவு உறுதியாயிற்று. ஆனால் நம் பொது முன்னோர் வாழ்நாள் முழுவதும் நீந்தியவராகவும், ஒட்டி வாழும் பழக்கம் அசிடியனுக்குப் பின்னர் வந்ததாகவும் இருக்கலாம் என்றே இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர். உறவு வேறு, அந்த உறவு உண்டான வழி வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும்.

மழைக்காலத்தில் ஏரிக்கரையில் தலைப்பிரட்டைகளைக் காணும்போது சிந்தியுங்கள்: தவளையை மட்டும் அறிந்த ஒருவர், இதைத் தவளையின் குஞ்சு என்று நம்புவாரா?