பாட்டியின் மிக்ஸி

மதுரையிலிருந்து உங்கள் பாட்டி நியூ ஜெர்சிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் முறுக்கு, அப்பளம், கூடவே அவருடைய மிக்ஸி! அதன் பிளக் இங்கே சுவரில் நுழையவில்லை. அப்பா ஒரு அடாப்டர் மாட்டுகிறார். மிக்ஸி மெதுவாக முனகுகிறது.

“என்னப்பா இது, உளுந்து அப்படியே கிடக்கு! மிக்ஸி கெட்டுப்போச்சா?” என்கிறார் பாட்டி.

கெடவில்லை. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். மின்சாரத்தை மாற்றாது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, குழாயில் தண்ணீர் அவ்வளவு வேகமாக வரும். மின்சாரத்தைத் தள்ளவும் இப்படி ஓர் அழுத்தம் வேண்டும். அதுதான் மின்னழுத்தம். அதை வோல்ட் கணக்கில் அளப்பார்கள். இந்திய வீடுகளில் 230 வோல்ட். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட். பாவம், மிக்ஸிக்குப் பாதி அழுத்தம்தான் கிடைக்கிறது!

120 வோல்ட் மட்டும் தாங்கும் ஹேர் டிரையரை மதுரைக்குக் கொண்டுபோய் மாட்டினால் இன்னும் மோசம். அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சூடோ ஏறக்குறைய நான்கு மடங்கு! புகைந்துவிடும்.

அப்பா கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வாங்கி வருகிறார். அது 120 வோல்ட்டை 230 ஆக உயர்த்தும். டர்ர்ர்! மாவு ரெடி.

“அப்போ தாத்தாவோட பிளக் கடிகாரத்தையும் இதுலயே மாட்டலாமே?”

மாட்டலாம். ஆனால் அது தப்பான நேரம் காட்டலாம்! வீட்டு மின்சாரம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரு நொடியில் எத்தனை முறை ஆடி வருகிறதோ, அதுவே அதிர்வெண். இதன் அளவு ஹெர்ட்ஸ். இந்தியாவில் 50, அமெரிக்காவில் 60. டிரான்ஸ்ஃபார்மர் இதை மாற்றாது. மிக்ஸி மோட்டாருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் சில பிளக் கடிகாரங்கள் இந்த ஆட்டத்தை வைத்துத்தான் ஓடும். ‘50 ஆட்டம் என்றால் ஒரு நொடி’ என்று பழகிய கடிகாரம் இங்கே அவசரப்படும். காலை 10 மணிக்குச் சரியாக வைத்தால், 11 மணிக்கு அது 11:12 காட்டும். பாட்டி டிவி முன்னால் உட்கார்ந்து, “சீரியல் இன்னும் ஆரம்பிக்கலையே!” என்பார்.

ஜப்பானில் இன்னும் வேடிக்கை. டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60! அந்தக் காலத்தில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் இயந்திரம் வாங்கியதால் வந்த வினை.

செய்து பாருங்கள்: பெரியவர் ஒருவரிடம் சொல்லி, போன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். அதிலுள்ள பொடி எழுத்துகளில் 100-240, 50/60 என்ற எண்களைத் தேடுங்கள். அவை இருந்தால், அந்தச் சார்ஜர் மதுரையில் வேலை செய்யுமா? ஏன்? பாட்டியிடம் தமிழில் சொல்லுங்கள்.