கலமேறி வந்த புரவி

நுழையும்முன்

தமிழில் குதிரைக்குப் பரி, புரவி, மா, இவுளி எனப் பெயர்கள் பல. நேராக ஓடும் ஓட்டத்தை ஆதி என்றும், வட்டமாகச் சுற்றிவரும் ஓட்டத்தைச் சாரி என்றும் தமிழர் பிரித்து வழங்கினர். ஆயினும் குதிரை தமிழ் மண்ணுக்குரிய விலங்கன்று. பெரும்பாலும் கடல்வழியே வந்தது. அவ்வாறு வந்த விலங்கைப் பேணும் அறிவும் அதனோடு வந்ததா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

துறைமுகத்தில் இறங்கிய பரிகள்

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் அந்நகர்த் தெருக்களில் குவிந்த பொருள்களை அடுக்கிச் சொல்கிறார். மிளகும் பொன்னும் மணியும் சந்தனமும் இடம்பெறும் அப்பட்டியலில் முதலில் நிற்பது கடல்வழியே வந்த குதிரையாகும். சங்க காலத்திலேயே குதிரை கலத்தில் ஏற்றிக் கொணரப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பிற்காலத்தில் இவ்வணிகம் பன்மடங்கு பெருகியது. சோழர் காலக் கல்வெட்டுகள் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகரைக் குறிப்பிடுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் மேலோங்கியபோது, தாமிரபரணியின் கழிமுகத்தை ஒட்டியிருந்த காயல் துறைமுகம் குதிரை இறக்குமதியின் தலைவாயிலாயிற்று. ஏடன், ஓர்முஸ், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவு ஆகிய இடங்களிலிருந்து மரக்கலங்கள் அங்கே வந்தன. அத்துறையைப் பழையகாயல் என அடையாளம் கண்டவர் கால்டுவெல். சீனப் பீங்கான் ஓடுகளையும் அரபு நாட்டு மட்கலச் சில்லுகளையும் அவ்வூர் மண்ணில் அவர் கண்டெடுத்தார். இன்று கடல் பின்வாங்கிவிட்டதால் ஊர் உள்நாட்டில் ஒதுங்கிக் கிடக்கிறது.

அக்கலங்களில் வந்தவற்றுள் உயர்வாக மதிக்கப்பட்டது அரபுக் குதிரையாகும். சிறிய தலை, குழிந்த முகம், அகன்ற மூக்குத்துளை, குறுகிய முதுகு, உயர்த்திப் பிடித்த வால் ஆகியவற்றால் இவ்வினத்தை எளிதில் அறியலாம். தோள்மேட்டளவில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமே உடையது. உருவில் பெரிதன்று, களைப்பறியாது நெடுந்தொலைவு ஓடுவதே அதன் சிறப்பு. வறண்ட பாலையில், அளவான தீனியும் தொலைதூர நடையுமாகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டதன் பயன் அது. இச்செய்தியை நினைவில் கொள்வது நன்று. பின்னர் நேர்ந்தவற்றுக்கு ஒரு காரணம் இதனுள் அடங்கியிருக்கிறது.

பொன்னின் கணக்கு

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இவ்வணிகத்தின் கணக்கைத் தந்துள்ளார். கீஷ் தீவின் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பாடு இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் குதிரை இறந்துபோனாலும் அதன் விலை வணிகருக்கு உரியது! இதற்கு முந்திய காலத்தில், பாண்டிய நாடு, காம்பே முதலிய பகுதிகளின் துறைகளுக்கு ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் எழுதுகிறார். கோயில் நிலங்களின் மிகுதியான வருவாயிலிருந்தும் இத்தொகை கொடுக்கப்பட்டதாம். உழவன் விளைவித்த நெல்லின் ஒரு பகுதி இவ்வாறு குதிரையாக மாறி இலாயத்தில் நின்றது.

விசயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் நூனிஸ் இன்னும் வியப்பான ஒன்றைக் கூறுகிறார். சாளுவ நரசிம்மர் ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை வரவழைத்தபோது, உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் விலை கொடுத்தார். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொணர்ந்து காட்டினாலே போதுமானதாக இருந்தது. போரில் குதிரைப்படைக்கு இருந்த இன்றியமையாமையை இதனால் உணரலாம். பகைவரிடம் குதிரை சேரவிடாமல் தடுப்பதும் அவ்விலையில் அடங்கியிருந்தது.

மார்க்கோ போலோ கண்டதும் கேட்டதும்

மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சிக்காலத்தில், 1292ஆம் ஆண்டையொட்டித் தென்னாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயலின் செல்வத்தைப் புகழ்ந்தார். ஆனால் குதிரைகளைப் பற்றி அவர் எழுதியது வேறு வகையானது. அரசனும் அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் ஆளுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். இந்நாட்டவர்க்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை. இலாடம் அடித்து மருத்துவமும் செய்வோர் இங்கில்லை. வேகவைத்த அரிசியையும் இறைச்சியையும் குதிரைக்கு ஊட்டுகின்றனர் என்பன அவர் சொல்லும் காரணங்கள். குதிரை வணிகர்கள் அத்தகைய மருத்துவரைத் தங்களோடு அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுத்துவிடுகின்றனர். ஏனெனில் குதிரைகள் உயிரோடு இருந்தால் அடுத்த ஆண்டின் விற்பனை குறைந்துவிடும்!

இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. போலோ ஒரு வணிகர். துறைமுகத்தில் வணிகர் வாயிலாகக் கேட்டவற்றையும் எழுதியவர். பதினாயிரத்தில் நூறு என்பது மிகைப்படுத்திய கணக்காகவே தோன்றுகிறது. குதிரையின் இலக்கணத்தையும் நோய்களையும் கூறும் வடமொழிப் பரிநூல்களும் இந்நாட்டில் வழங்கின. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பாதுகாத்துப் பதிப்பித்துள்ளது. எனினும் சுவடியில் உள்ள அறிவு வேறு. விடியற்காலையில் குளம்பைத் தூக்கிப் பார்த்துக் கல் குத்தியிருக்கிறதா என்று தடவியறியும் கையின் அறிவு வேறு. போலோவை அறியாத வஸ்ஸாப்பும் ஏறத்தாழ இதே குறையைச் சொல்வதால், மிகையைக் கழித்த பின்னும் உண்மை ஓரளவு எஞ்சுகிறது.

தீனியும் குளம்பும்

இறந்த குதிரைகளின் நோயை எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் குதிரையின் உடலமைப்பு சில விளக்கங்களைத் தருகிறது. அதன் உடலோடு ஒப்பிட இரைப்பை மிகச் சிறியது. நாளின் பெரும்பகுதி நேரம் சிறிது சிறிதாகப் புல்லை மென்றுகொண்டே இருப்பதற்கென அமைந்தது. மாட்டைப் போல அதற்கு அசைபோடும் வயிறு இல்லை. நார்ப்பொருள் பின்குடலில்தான் நொதித்துச் செரிக்கிறது. மாவுப்பொருள் மிகுந்த தீனியை ஒரே வேளையில் ஊட்டினால், செரியாத பகுதி பின்குடலை அடைந்து புளித்துக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். உண்டதை வாந்தியாக வெளியேற்றவும் குதிரையால் இயலாது. அதைவிடக் கொடியது, இச்செரிமானக் கேடு குளம்பினுள் இருக்கும் மென்தசையை அழற்சியுறச் செய்வதாகும். தீனியில் நேர்ந்த பிழை காலில் நோயாக வெளிப்படும். காலூன்ற முடியாத குதிரையைக் கண்டவர், அதன் தொட்டியில் அதற்குரிய காரணத்தைத் தேடியிருக்க மாட்டார்.

குளம்பும் நகத்தைப் போன்றதே. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவாக வளர்ந்துகொண்டே இருக்கும். வறண்ட பாலையில் கல்லிலும் மணலிலும் நடந்து தானாகத் தேய்ந்த குளம்பு, இலாயத்தில் கட்டுண்டு நிற்கையில் தாறுமாறாக வளரும். மழைக்காலச் சேற்றில் ஊறினால் மெலிந்து பிளக்கும். அதனைச் சீவி, அளவெடுத்து, இலாடம் அடிப்பவர் இல்லாத ஊரில் விலையுயர்ந்த குதிரையும் நொண்டியாகிவிடும்.

மனிதர் எவரும் அக்காலத்தில் அறிய இயலாத பகைவன் ஒன்றும் உண்டு. கடிக்கும் ஈக்களால் பரவும் சுர்ரா என்னும் நோய், குதிரையை இளைக்கச் செய்து கொல்வது. குருதியில் வாழும் ஒருசெல் உயிரியே அதற்குக் காரணம் என்பதைப் பஞ்சாபில் கிரிபித் எவான்சு 1880ஆம் ஆண்டில்தான் கண்டறிந்தார். ஈக்கள் மிகுந்த ஈரநிலத்தில் குதிரை இறந்ததற்கெல்லாம் பேணியவரையே குறைகூறுவது நேர்மையாகாது.

சேணமும் அங்கவடியும்

புதிதாக வந்த குதிரையை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைக்கின்றனர். பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி, அங்கவடியும் பிற சவாரிக் கருவிகளும் இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டுகின்றனர். சில நாளில் விரைவும் வலிமையும் உடைய குதிரை மந்தமாகிவிடுகிறது என்று வஸ்ஸாப் எழுதுகிறார். கருவி இல்லாமை குதிரையை எவ்வாறு கெடுக்கும்? இதனை உணரச் சவாரிக் கருவிகளின் தொழிலை அறிதல் வேண்டும்.

குதிரையின் முதுகெலும்பு மனிதனைச் சுமப்பதற்காக அமைந்ததன்று. சட்டத்தோடு கூடிய சேணம், ஏறுவோரின் எடையை முதுகெலும்பின் மேல் இறங்கவிடாமல் இருபுறத்துத் தசைகளிலும் விலாக்களிலும் பரப்புகிறது. அச்சட்டம் குதிரைக்குக் குதிரை வேறுபடும். குறுகிய முதுகுடைய அரபுக் குதிரைக்கு நீண்ட முதுகுக்குரிய சேணத்தைக் கட்டினால் அது இடுப்பை அழுத்திப் புண்ணாக்கும். கடிவாளத்தின் வாய்க்கம்பி, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே இயற்கையாக அமைந்த வெற்றிடத்தில் அமர்கிறது. அவ்விடத்து ஈறு மிகவும் நொய்யது. பழகிய கை விரலசைவாலேயே அதனோடு பேசும். பழகாத கை வலியால் மட்டுமே பேசும்.

அங்கவடி இவற்றுள் காலத்தால் பிற்பட்டது. சாஞ்சிச் சிற்பங்களில் பெருவிரலை மட்டும் நுழைக்கும் வார்வளையத்தைக் காணலாம். வெறுங்காலோடு ஏறும் வெப்பநாட்டினர்க்கு அது போதுமானதாயிற்று. முழுப்பாதத்தையும் தாங்கும் அங்கவடி சீனத்தில் கி.பி. நான்காம் நூற்றாண்டில் உருப்பெற்றுப் பிற நாடுகளுக்குப் பரவியது. அதில் காலூன்றியவன் நிலைகுலையாமல் வில்லையும் வேலையும் ஆளலாம். குதிரைக்கும் அதனால் நன்மையுண்டு. பிடிமானம் இல்லாதவன் விழாதிருக்கத் தொடையால் விலாவை நெருக்குவான். கடிவாள வாரைப் பற்றித் தொங்குவான். அவன் தடுமாற்றம் முழுவதும் குதிரையின் வாயில் வலியாகச் சென்று சேரும். வஸ்ஸாப் கண்ட மந்தம், சோம்பலன்று. எதைச் செய்தாலும் வலியே கிடைக்கும் எனக் கற்றுக்கொண்ட விலங்கின் ஒடுக்கமாகவும் இருக்கலாம்.

நிலமும் இனமும்

குதிரைகளை இங்கேயே இனப்பெருக்கம் செய்திருக்கலாமே என்னும் வினா எழுவது இயல்பு. நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெண்குதிரையையும் சேர்த்தாலும் கோணற்காலோடு கூடிய சிறு குட்டியே பிறந்தது என்று போலோ எழுதியுள்ளார். இந்தியாவில் நிலைபெற்ற குதிரையினங்களை நோக்கினால் இதன் உட்பொருள் ஓரளவு விளங்கும். இராசத்தானத்தின் மார்வாரியும் குசராத்தின் கத்தியவாரியும் வறண்ட நிலத்தில் உருவானவை. உட்புறமாக வளைந்து நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும் செவிகளே இவற்றின் அடையாளம். அரபுக் குதிரையின் கலப்பும் இவற்றில் உண்டு எனக் கருதப்படுகிறது. இமயத்தில் ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா என்னும் மலைக்குதிரைகள் உள்ளன. மணிப்பூரின் மட்டக்குதிரையோ மழைநாட்டில் வளர்ந்தது, உருவில் சிறியது. இன்று உலகெங்கும் ஆடப்படும் போலோ விளையாட்டை ஆங்கிலேயர் அக்குதிரைகள் மீதமர்ந்து ஆடிய மணிப்பூர் மக்களிடமிருந்தே கற்றனர். ஒவ்வொரு நிலமும் தனக்கேற்ற குதிரையை மெல்ல உருவாக்கிக்கொண்டது. அதற்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. போருக்கு உடனடியாகப் பெருங்குதிரை வேண்டிய அரசர்க்கு அக்காலம் வாய்க்கவில்லை.

சொல்லிலும் மண்ணிலும்

குதிரை நிலைக்காவிடினும் அதன் தடங்கள் தமிழில் நிலைத்தன. திருக்குறளுக்கு உரை வகுத்த சான்றோர் பரிமேலழகர் என்னும் பெயர் தாங்கினார். குதிரைவீரனைக் குறித்த இராவுத்தர் என்னும் சொல் ஒரு மக்கட் பிரிவின் பெயராயிற்று. அருணகிரிநாதரோ முருகனையே இராவுத்தன் என அழைத்தார். குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் அரசன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டதையும், நரிகள் பரிகளாகி வந்து இரவில் மீண்டும் நரிகளானதையும் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடினார். பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற குதிரைகள் விடிவதற்குள் இல்லாமற்போகும் அக்கதையைக் காயலின் கணக்குகளோடு சேர்த்துப் படிப்போர்க்கு, கேட்டவர் நெஞ்சில் அது அத்துணை ஆழமாகப் பதிந்ததில் வியப்பிராது.

திருவரங்கத்துச் சேசராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகள் சேணமும் கடிவாளமும் பூண்டு நிற்கின்றன. சிற்றூர்களில் ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்து தரும் வேளார்களும் இவ்வணிகளை மறப்பதில்லை. களிமண்ணால் கால்களைத் தனித்தனியே வனைந்து நிறுத்தி, வயிற்றையும் கழுத்தையும் பொருத்தியபின், கழுத்துமணியையும் நெற்றிப்பட்டத்தையும் வாய்வாரையும் விரலால் ஒவ்வொன்றாக ஒட்டுகின்றனர். சேணத்தின் விளிம்பில் கோடு கீறிய பின்னரே குதிரை சூளைக்குச் செல்கிறது.