நிபந்தனை இல்லாமல் திறந்த கதவு

ஆய்வுப் பாடம்

வாசிக்க: லூக்கா 10:25–37, யோவான் 12:20–26, பிரசங்கி 11:1–6



வைத்திய ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் சபைகளுக்கு நாங்கள் செல்லும்போதெல்லாம் சில கேள்விகள் எழும்புவதுண்டு. நம் பணத்தில் படிக்கிற மாணவி படிப்பு முடிந்ததும் வேறெங்காவது போய்விட்டால் என்ன செய்வது? நம் சபையைச் சேராத பிள்ளைக்கு, நம் விசுவாசத்தையே ஏற்காத பிள்ளைக்கு, நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்? போட்டதற்குப் பலன் எங்கே? இவை கசப்பிலிருந்து வரும் கேள்விகள் அல்ல. மாதம்தோறும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறவர் இப்படிக் கேட்பது நியாயமே. ஆகவே இவற்றுக்கு அவசரமாகப் பதில் சொல்லாமல், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிலடெல்பியாவில் இருந்த ஒரு கல்லூரிக் குடும்பம் இந்தியாவோடு கொண்ட உறவை இந்தப் பாடத்தில் நிதானமாக ஆராய்வோம்.

1. தள்ளப்பட்டவர்களின் கல்லூரி

பெண்களை வைத்தியராகப் பயிற்றுவிப்பதற்கென்றே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1850இல் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் குவேக்கர் சபையார் முக்கியமானவர்கள். 1867 முதல் அது பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்பட்டது.

அந்நாளில் பெண் வைத்தியர் என்ற எண்ணத்தையே பலர் சகிக்கவில்லை. 1869 நவம்பரில் இக்கல்லூரி மாணவிகள் பென்சில்வேனியா மருத்துவமனையில் நடந்த வகுப்புக்குச் சென்றபோது, அங்கிருந்த ஆண் மாணவர்கள் கூச்சலிட்டார்கள். காகித உருண்டைகளை வீசி அவமானப்படுத்தினார்கள். மாணவிகளோ எழுந்து போகவில்லை. பாடத்தைக் கேட்டுவிட்டே திரும்பினார்கள்.

கதவு அடைக்கப்படுவதன் வலி இந்தக் கல்லூரிக்குத் தெரியும். தூரதேசத்துப் பெண்ணுக்குத் தன் கதவைத் திறக்க அது பிற்பாடு தயங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறோம்.

2. வாரம் இரண்டு சென்ட்

அதே 1869ஆம் ஆண்டில் இக்கல்லூரியில் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் கிளாரா ஸ்வெய்ன். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் பாஸ்டன் நகரில் மெதடிஸ்ட் பெண்கள் சிலர் கூடி ஒரு மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். அவர்களிடம் பெரிய முதலீடு எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு சென்ட் கொடுப்பது, ஒரு ஜெபம் ஏறெடுப்பது என்பதே அவர்களுடைய திட்டம். அந்தச் சில்லறைக் காசுகள் சேர்ந்தே கிளாரா ஸ்வெய்னும் ஆசிரியை இசபெல்லா தொபர்னும் அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

1870 ஜனவரி 20ஆம் தேதி ஸ்வெய்ன் அம்மையார் வடஇந்தியாவின் பரேலிக்கு வந்து சேர்ந்தார். மிஷன் சங்கத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் பட்டதாரிப் பெண் வைத்தியர் அவரே. ஆண் வைத்தியர் நாடி பிடிக்கவும் அனுமதியில்லாத அந்தப்புரங்களில் பெண்கள் பிரசவ வேதனையிலும் காய்ச்சலிலும் மடிந்துகொண்டிருந்த காலம் அது.

நோயாளிகளைக் கவனித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. வந்த சில வாரங்களுக்குள்ளேயே பெண்பிள்ளைகளுக்கு வைத்திய வகுப்பு தொடங்கினார். மிஷன் அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தாம் ஒருவர் மட்டும் ஓடி ஓடி உழைத்தால் எத்தனை வீட்டு வாசலை மிதிக்க முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். சிகிச்சை ஒரு நோயாளியை எழுப்பும். கற்பித்தலோ இன்னும் பிறவாத நோயாளிகளையும் எழுப்பும்.

3. நவாபின் ஈவு

பரேலியில் மருத்துவமனை கட்ட இடம் தேவைப்பட்டது. மிஷன் வளாகத்தை ஒட்டியிருந்த தோட்டமும் வீடும் ராம்பூர் நவாபுக்குச் சொந்தமானவை. விலைக்காவது தரமாட்டாரா என்ற எண்ணத்தோடு 1871இல் ஸ்வெய்ன் அம்மையாரும் மற்ற மிஷனரிமாரும் அவரிடம் போனார்கள். நவாப் இஸ்லாமியர், கிறிஸ்தவ மிஷனுக்கு எந்தக் கடமையும் பட்டவரல்ல. ஆயினும், பெண்களுக்கான மருத்துவமனை என்று கேட்டமாத்திரத்தில், சுமார் 40 ஏக்கர் கொண்ட அந்தச் சொத்தை விலை எதுவும் வாங்காமல் கொடுத்துவிட்டார். 1874இல் அங்கே மருத்துவமனை திறக்கப்பட்டது.

இங்கே சற்று நிற்போம். நாம் கொடுக்கிறவர்கள், மற்றவர்கள் வாங்குகிறவர்கள் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் இந்த நாட்டில் பெண்களுக்கான மிஷன் மருத்துவ ஊழியத்தின் ஆரம்பக் கட்டத்திலேயே ஒரு முகமதிய மன்னரின் ஈவு இருக்கிறது. அவர் நம்மிடம் எந்த நிபந்தனையும் கேட்கவில்லை. காயப்பட்டவனுக்கு உதவிய சமாரியன் யார் என்று லூக்கா 10ஐத் திறந்து பார்க்கிறவர்கள், இந்த நவாபையும் மறக்கக்கூடாது.

4. கேட்டவளுக்குக் கிடைத்த பதில்

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம்.

ஆனந்திபாய் ஜோஷி 1865இல் பம்பாயை அடுத்த கல்யாணில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் அஞ்சல் துறை ஊழியரான கோபால்ராவுக்கு மணமுடிக்கப்பட்டார். பதினான்கு வயதில் அவருக்குப் பிறந்த ஆண் குழந்தை பத்து நாளில் இறந்துபோயிற்று. தகுந்த வைத்தியம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அந்தச் சிறுவயதுத் தாயின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அதிலிருந்து தானே வைத்தியராக வேண்டும் என்ற தீர்மானம் பிறந்தது.

கணவர் கோபால்ராவ், ராயல் வைல்டர் என்ற அமெரிக்க மிஷனரிக்கு உதவி கேட்டு எழுதினார். வந்த பதில் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவும்படி ஆலோசனை கூறியது. கேட்ட உதவி கிடைக்கவில்லை. ஆனால் வைல்டர் தாம் நடத்திய மிஷனரிப் பத்திரிகையில் அந்தக் கடிதங்களை அச்சிட்டார். நியூ ஜெர்சியின் ரோசெல் என்னும் ஊரில் பல் வைத்தியருக்காகக் காத்திருந்த கார்ப்பென்டர் அம்மையார் தற்செயலாக அதைப் படித்தார். மனம் உருகி ஆனந்திபாய்க்குக் கடிதம் எழுதினார். முகம் பாராத இருவர், அத்தையும் மருமகளும் போல ஆனார்கள்.

1883இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூரில், நம் போதகர்கள் பலருக்கு இறையியல் பட்டம் வழங்கும் அதே செராம்பூர்க் கல்லூரியின் மண்டபத்தில், ஆனந்திபாய் பொதுமக்கள் முன் பேசினார். இந்தியாவுக்கு இந்துப் பெண் வைத்தியர்கள் எவ்வளவு தேவை என்று எடுத்துரைத்தார். இந்துவாகவே போவேன், இந்துவாகவே திரும்புவேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த ஆண்டு ஏப்ரலில் மிஷன் ஊழியப் பெண்களின் துணையோடு கப்பலேறினார்.

பிலடெல்பியா கல்லூரியின் தலைவர் ரேச்சல் பாட்லி அம்மையார் உறுதியான கிறிஸ்தவர். மிஷன் ஊழியத்தில் மிகுந்த வாஞ்சை உள்ளவர். அவர் ஆனந்திபாயைச் சேர்த்துக்கொண்டார். மதம் மாறு என்ற நிபந்தனை இல்லை. ஆனந்திபாய் புடவையை விடவில்லை. சைவ உணவையும் விடவில்லை. குளிர் அவரை வாட்டியது, உடல் நலிந்தது. 1885இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவரோடு இன்னும் இரண்டு மாணவிகள் தத்தம் நாட்டு உடையில் இருக்கிறார்கள்: ஜப்பானைச் சேர்ந்த கே ஒகாமி, சிரியா தேசத்து சபாத் இஸ்லாம்பூலி. 1886 மார்ச் 11ஆம் தேதி ஆனந்திபாய் பட்டம் பெற்றார். மேல்நாட்டு வைத்தியத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளில் அவர் ஒருவர்.

சாட்சி வேறு, நிபந்தனை வேறு. பாட்லி அம்மையார் தம் விசுவாசத்தை மறைத்தவரல்ல. ஆனால் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு அதை விலையாகக் கேட்கவில்லை. நம் ஆண்டவரும் பத்துக் குஷ்டரோகிகளையும் சுத்தமாக்கினார்; திரும்பி வந்தவனோ ஒருவன். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

5. பலன் எங்கே?

கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுக்கு வைத்தியராக ஆனந்திபாய் நியமிக்கப்பட்டார். 1886இன் இறுதியில் தாய்நாடு திரும்பினார். ஆனால் காசநோய் அவரை விடவில்லை. அந்தப் பணியில் ஒரு நாளும் அமராமலே, 1887 பிப்ரவரி 26ஆம் தேதி புனேயில் மரித்தார். 22 வயது நிறையவில்லை. அவருடைய அஸ்தி கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டு, நியூயார்க் மாநிலத்தின் போக்கிப்சியில் அந்தக் குடும்பத்தின் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது.

கணக்குப் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவது? மூன்று வருடப் படிப்பு, கல்லூரியின் பிரயாசம், ஒரு குடும்பத்தின் பாசம், முடிவில் ஒரு நோயாளிக்குக்கூட அவர் இந்திய மருத்துவமனையில் சிகிச்சை செய்யவில்லை. நஷ்டம் என்று எழுதிக் கோடு போட்டுவிடலாம். பிலடெல்பியா கல்லூரியார் அப்படிச் செய்யவில்லை.

ஆனந்திபாயின் பட்டமளிப்பைக் காண வந்திருந்த பண்டித ரமாபாய், இந்திய உயர்சாதிப் பெண்களின் நிலையைக் குறித்து ஒரு நூல் எழுதினார். அந்நூல் 1887இல் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் பாட்லி அம்மையார். அந்நூல் எழுப்பிய இரக்கத்தின் பலனாக, 1889இல் பம்பாயில் இளம் விதவைகளுக்கான சாரதா சதன் பள்ளி தோன்றியது.

கல்லூரியின் கதவும் மூடப்படவில்லை. கே ஒகாமி 1889இலும் சபாத் இஸ்லாம்பூலி 1890இலும் பட்டம் பெற்றுத் தங்கள் நாடுகளுக்குத் திரும்பினார்கள். 1892இல் குருபாய் கர்மார்க்கர் என்ற மராத்தியக் கிறிஸ்தவப் பெண்மணி அதே கல்லூரியில் பட்டம் பெற்று, திரும்பிவந்து பம்பாயில் பல ஆண்டுகள் வைத்திய ஊழியம் செய்தார். ஆனந்திபாய் நடந்த பாதையில் அவருக்கு முட்கள் கொஞ்சம் குறைந்திருந்தன.

நம் பக்கத்துக்கும் அந்தக் கல்லூரியின் கரம் நீண்டது. 1879இல் அங்கே பட்டம் பெற்ற அன்னா குக்ளர் அம்மையார் 1883இல் வந்து, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் லுத்தரன் மிஷன் வைத்திய ஊழியத்தை நிலைநாட்டினார். 1898இல் அங்கே மருத்துவமனை திறக்கப்பட்டது. வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரும் தம் வைத்தியப் படிப்பை பிலடெல்பியாவில் இதே கல்லூரியில்தான் தொடங்கினார். கார்னெல் பல்கலைக்கழகம் பெண்களுக்கு வைத்தியப் படிப்பைத் திறந்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அவர் 1918இல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய வைத்தியப் பள்ளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இனி இந்தியப் பெண்கள் வைத்தியம் கற்கக் கடல் கடக்க வேண்டியதில்லை என்ற நிலை வருவதற்கு அதுவும் ஒரு வழியாயிற்று.

பிலடெல்பியா கல்லூரி பிற்பாடு ஆண்களையும் சேர்த்துக்கொண்டது, பெயரும் மாறிற்று. இன்று அது டிரெக்சல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இணைந்துள்ளது. அந்த மூன்று மாணவிகளின் புகைப்படம் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

6. நாம் கற்பது

முதலாவது, சிறு காணிக்கை சிறியதல்ல. வாரம் இரண்டு சென்ட் ஒரு வைத்தியரைக் கடல் கடத்தியது.

இரண்டாவது, மாணவருக்குக் கொடுப்பது அறுவடைக் கூலி அல்ல, விதை. விதைத்தவர் எல்லாரும் அறுவடையைப் பார்ப்பதில்லை. கோதுமை மணியைக் குறித்து ஆண்டவர் யோவான் 12இல் சொன்னதை, தம் மரணத்தை முன்னிட்டுச் சொன்னார் என்பதை நினைவில் கொள்வோம்.

மூன்றாவது, உதவியோடு நிபந்தனை சேரும்போது உதவி சுருங்குகிறது. நிபந்தனை கேட்ட கடிதத்தால் ஆனந்திபாய் அமெரிக்கா போகவில்லை. அதைப் படித்த ஒரு பெண்மணியின் அன்பால் போனார்.

நான்காவது, கணக்கு கேட்பது தவறல்ல. பாட்லி அம்மையாரே 1881இல் தம் பழைய மாணவிகளின் நிலையை விசாரித்து அறிக்கை வெளியிட்டார். ஆகவே நீங்களும் கேளுங்கள். பதில் சொல்லுவது எங்கள் கடமை. ஆனால் ஒரே வருடத்தின் பக்கத்தில் முழு விடையையும் தேடாதீர்கள்.

கலந்து பேச

அ. நம் சபை உதவும் மாணவர்களிடம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ எந்த நிபந்தனையை வைக்கிறோம்?

ஆ. பிற மதத்தாரிடமிருந்து நம் ஊரில் உள்ள மிஷன் பள்ளியோ மருத்துவமனையோ பெற்ற நன்மை ஒன்றைச் சொல்ல முடியுமா? அதற்கு நன்றி செலுத்தியிருக்கிறோமா?

இ. பலனைக் காணாமலே மரித்த ஊழியர் ஒருவரை நினைவுகூருங்கள். அவர் விதைத்ததை இன்று யார் அறுக்கிறார்?

ஜெபக் குறிப்பு

வீட்டை விட்டுத் தூரத்தில் வைத்தியமும் செவிலியமும் படிக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களுடைய உடல் நலத்துக்காகவும், அவர்களுக்குக் கதவு திறக்கும் ஆசிரியர்களுக்காகவும் இந்த மாதம் ஜெபியுங்கள். நம் வாசலில் நிற்கும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதற்கு முன், எழுந்து கதவைத் திறக்கும் மனதை ஆண்டவர் நமக்கெல்லாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.