பால் பல்லைக் காக்கும் எச்சில்!

"சாக்லேட்டே வாங்கித் தர்றதில்லை ஐயா. அப்புறம் எப்படிப் பல்லு சொத்தையாச்சு?" தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் குழந்தையின் எச்சிலில் இருக்கிறது.

எச்சில் வெறும் தண்ணீர் அல்ல. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும். பல்லுக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் கரைந்திருக்கின்றன.

சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே, பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்கிவிடும். பல்லின் மேலுள்ள எனாமல் கரையத் தொடங்கும். உடனே எச்சில் வேலையை ஆரம்பிக்கிறது. அமிலத்தை முறித்து, கரைந்த சத்தைத் திரும்பப் பல்லில் படிய வைக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அதற்குள் இன்னொரு பிஸ்கட் கொடுத்தால்? மறுபடியும் அமிலம். ஆகவே எவ்வளவு தின்றது என்பதோடு, எத்தனை தடவை தின்றது என்பதும் முக்கியம். சாக்லேட்டே தொடாத பிள்ளையும் நாள் முழுக்க ரஸ்க், பிஸ்கட் என்று கொறித்தால் பல் தாங்காது. சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். சோற்றிலுள்ள மாவை எச்சிலே சர்க்கரையாக மாற்றிவிடும்.

இரவில்தான் ஆபத்து

தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். காவல்காரன் இல்லாத வீடு மாதிரி! அந்த நேரத்தில் பால் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்க வைத்தால், விடிய விடியப் பால் பல்லில் தங்கும். மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் கெடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடியிருக்கும்; பக்கத்திலேயே எச்சிலும் ஊறும். அதனால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். வாயால் மூச்சு விடும் குழந்தைக்கும் வாய் காய்ந்துபோகும். அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும்.

மருந்திலும் கவனம் தேவை. இனிப்பான இருமல் சிரப் மட்டுமல்ல, எங்கள் லேகியமும், தேனில் குழைத்த சூரணமும் பல்லுக்குச் சர்க்கரைதான். கொடுத்ததும் தண்ணீர் குடிக்க வையுங்கள். பல் தேய்த்த பிறகு கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

"விழப்போற பல்லுதானே" என்று விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றுக்குப் பின்னால் 6 வயதில் முளைப்பது நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் பல பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

* தீனிக்கு நேரம் வையுங்கள். இடையில் தண்ணீர் மட்டும் போதும்.

* நன்றாக மெல்ல வேண்டிய கேரட், கொய்யா கொடுங்கள். மெல்ல மெல்ல எச்சில் ஊறும். சின்னக் குழந்தைக்குச் சிறு துண்டாக நறுக்கி, பக்கத்தில் இருந்து கொடுங்கள்.

* இரவு பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

* ஆலங்குச்சி, வேலங்குச்சி மென்றால் எச்சில் ஊறும், நல்லதுதான். ஆனால் சின்னப் பிள்ளையின் ஈறைக் குத்தும். மிருதுவான பிரஷ்ஷும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் போதும். 3 வயது வரை அரிசியளவு, பிறகு 6 வயது வரை பட்டாணியளவு பேஸ்ட். தர்மபுரி போல, தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில் பல் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது முதல் எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் பழக்கத்தை மாற்றினால் எச்சிலும் பேஸ்ட்டும் சேர்ந்து சரிசெய்ய வாய்ப்புண்டு. குழி விழுந்துவிட்டால் எந்தப் பல்பொடியும், எந்தச் சூரணமும் அதை அடைக்காது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், தாமதிக்காமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.