பெயரனும் பெயரும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தே, கோமுகியாற்றணைக்கு அணித்தாக உள்ளது வடக்கனந்தல். அவ்வூரிலிருந்து சைவ அன்பர் ஒருவர் எமக்கொரு வினா விடுத்துள்ளார். அவர்தம் மகனுக்கு ஆண்மகவு பிறந்துள்ளது. குலவழக்கின்படி பாட்டனார் பெயரை இடல்வேண்டும் என்பது இல்லத்து மூத்தோர் கருத்து. குழந்தையின் பெற்றோரோ ஊரில் எவர்க்கும் இல்லாததொரு புதுப்பெயரை விழைகின்றனர். தாய்தந்தையர் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தும், எண்கணிதம் வல்லார் ஒருவரைக் கேட்டும் அப்பெயரை அமைத்துள்ளனராம். இது குறித்து இரு திறத்தாரும் பேசாதிருக்கும் நிலை வந்துவிட்டது என்றும், சைவநூல் வழக்கு யாதென்று கூறல்வேண்டும் என்றும் எழுதியுள்ளார். இவ்வினா ஓரில்லத்துக்கே உரியதன்று ஆகலின் ஈண்டு விரித்தெழுதத் துணிந்தாம்.

மகனுக்கு மகனைப் பெயரன் என வழங்குதல் தமிழ் மரபு. பாட்டன் பெயரைத் தாங்குதலின் அவன் பெயரன் ஆயினான். அதுவே பேரன் என மருவிற்று. கலித்தொகையின் மருதப்பாக்களிலும் பாட்டன் பெயர் தாங்கிய சிறுவனைக் காண்கின்றோம். ஆகவே மூத்தோர் கேட்பது நேற்றுத் தோன்றிய வழக்கன்று. உறவின் பெயரே அவ்வழக்கினின்று பிறந்ததாயின் அதன் தொன்மை சொல்லாமலே விளங்கும்.

இவ்வழக்கின் ஆழத்தைக் காண வடக்கனந்தலார் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவர்தம் மாவட்டத்திலேயே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் திருநாவலூர் உள்ளது. அங்கே சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் திருமகனாராய்த் தோன்றியவர் நம்பியாரூரர். ஆரூரர் என்பது அவர் பாட்டனார் பெயருமாம் என்பது பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட வரலாற்றால் பெறப்படும். புத்தூர்த் திருமணப் பந்தரிலே முதிய வேதியராய் வந்த பெருமான் காட்டிய அடிமையோலை, ஆரூரர் என்னும் அப்பாட்டனார் எழுதிக்கொடுத்ததே. தாமும் தம் மரபினரும் வழிவழியடிமை என்பதே அதன் பொருள். நம்பிகள் படியோலையைக் கிழித்தெறிந்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை வெளிப்பட்டது, பாட்டனாரது பிற கையெழுத்தோடு அது ஒத்துநோக்கப்பெற்றது, வழக்கு முடிந்தது.

இதன்கண் யாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஓலையிற் கண்ட பெயரும் மணமகன் பெயரும் ஒன்றே. பாட்டன் பெயரை ஏற்ற பெயரன், அப்பெயரோடு வந்த கடனையும் ஏற்க நேர்ந்தது. நில உரிமை, வீட்டுரிமை என்பவற்றையே நாம் வழிவழிச் செல்வமெனக் கருதுகின்றோம். இறைவற்கு அடிமை என்னும் உரிமையும் அங்ஙனம் வழிவழி வரும் என்பதை அவ்வோலை காட்டிற்று. மூத்தோர் தம் முன்னோர் பெயரை வற்புறுத்துங்கால், அம்முன்னோர் எக்கடனை எழுதிவைத்துச் சென்றார் என்பதனையும் உடன்கூறக் கடமைப்பட்டவராவர். பாட்டனார் நாடோறும் சிவாலயஞ் சென்றவர், திருமுறை ஓதியவர், வந்தார்க்கு அமுதிட்டவர் என்று ஒரு சொல் சொன்னால் இளையோர் செவிசாயார் என்று எண்ணுதற்கில்லை. வழக்கம் என்று மட்டும் சொல்வது படியோலையைக் காட்டி மூலவோலையை மறைப்பது போலாம்.

இனி மறுதலையை நோக்குவாம். புதுப்பெயர் இடுதல் சைவத்துக்குப் புறம்பானதோ எனின், அன்று. நம்பியாரூரர் தோன்றிய அதே திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூரிலே புகழனாரும் மாதினியாரும் தம் மகவுக்கு இட்ட பெயர் மருணீக்கியார். சமணம் புகுந்தபோது அவர்க்கு அமைந்த பெயர் தருமசேனர். திருவதிகையிலே சூலைநோய் நீங்கிப் பதிகம் பாடியபோது இறைவனே அருளிய பெயர் நாவுக்கரசு. பெற்றோர் இட்டதும் அன்று, பாட்டன் வழியதும் அன்று. அன்றே தோன்றிய பெயர். அப்புதுப்பெயரைத்தான், அவரைக் கண்ணாற் கண்டும் அறியாத திங்களூர் அப்பூதியடிகள் தம் மக்கட்கெல்லாம் இட்டார். மக்கட்கு மட்டுமோ? பசுக்களுக்கும், அளவைகளுக்கும், தண்ணீர்ப்பந்தருக்கும் அதுவே பெயர். அந்தணர் குலத்திற் பிறந்த ஒருவர், வேளாளர் குலத்துத் தோன்றிய அடியார் பெயரைத் தம் மூத்த மகனுக்கு இட்டகாலை அவர்தம் சுற்றத்தார் என்ன சொல்லியிருப்பர்? சேக்கிழார் அதனைக் கூறிற்றிலர். அக்காலத்துத் திங்களூரில் அதனினும் அரிய பெயர் ஒன்று இருந்திராது என்பதில் எமக்கு ஐயமில்லை. இன்று அஃது ஊர்தோறும் வழங்கும் பழம்பெயர்.

ஆகலின் புதிது என்பதும் பழையது என்பதும் பெயரின் இயல்பல்ல, காலத்தின் இயல்பே. அவற்றைக் கொண்டு ஒரு பெயரைக் கொள்ளவும் தள்ளவும் ஒண்ணாது. அற்றேல் எதனைக் கொண்டு துணிவது?

சித்தாந்த முறையில் இதனை ஆராய்வாம். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. மலத்தைச் சார்ந்துழி மலமாயும், சிவத்தைச் சார்ந்துழிச் சிவமாயும் நிற்கும். தனித்து நிற்றல் அதற்கில்லை. பெயரும் உயிர்க்கு இயற்கையாய் உள்ளதன்று. சொல்லுலகம் மந்திரம், பதம், வன்னம் என மூன்று அத்துவாக்களாய் மாயையினின்று தோன்றுவது. பெயரென்பதும் அதன்கண் அடங்கிய ஒரு பதமே. உடம்போடு கூடிய உயிர்க்குப் பிறர் சார்த்தும் முதற்சார்புகளுள் பெயர் ஒன்று. அஃது எப்பொருளை நினைப்பிக்கின்றதோ அப்பொருளின்பால் அழைப்பவர் நாவையும் அழைக்கப்படுவோன் செவியையும் நாடோறும் பலமுறை செலுத்தும். பெயரும் வடிவும் இல்லாத இறைவனுக்கே அடியார் ஆயிரம் பெயர் கூறி அழைப்பது இக்காரணம் பற்றியன்றோ? எனவே வினவவேண்டுவது, இப்பெயர் இக்குழவியை எதனோடு சார்த்துகின்றது என்பதே. வைணவப் பெரியாரான பெரியாழ்வாரும் மக்கட்கு நாரணன் பெயரே இடுக என ஒரு திருமொழி முழுதும் பாடினார். அவர் கருத்தும் இதனொடு மாறுபடுவதன்று.

மொழி பற்றி வழக்கிடுவாரும் உளர். அவர்க்கு மெய்கண்டதேவர் வரலாறே விடை. பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தியபோது, குலகுருவாகிய சகலாகம பண்டிதர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தார். திருஞானசம்பந்தரது திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அத்தலத்தை வழிபட்டுப் பெற்ற மகவுக்குச் சுவேதவனப்பெருமாள் என்று பெயரிட்டனர். வெண்காடு என்னும் தமிழ்ப்பெயரின் வடமொழியாக்கமே சுவேதவனம். பின்னர்த் திருவெண்ணெய்நல்லூரில் பரஞ்சோதி முனிவர் அக்குழவிக்கு ஞானமருளித் தம் குருவாகிய சத்தியஞான தரிசினிகள் பெயரையே தமிழாக்கி மெய்கண்டார் என்று வழங்கினார். பெற்றோர் தமிழை வடமொழியாக்கினர். குரு வடமொழியைத் தமிழாக்கினார். இரண்டினும் பொருள் சிதையவில்லை. மற்றொன்றும் காண்க: மெய்கண்டார் என்பது கேட்டற்கரிய புதுப்பெயராயினும் குருவின் பெயரே; பரமாசாரியர் வழியில் வந்த பெயரன் பெயர் என்னலாம். புதுமையும் பழமையும் ஒருங்கே நிற்றற்கு இதனின் மேம்பட்ட சான்று எமக்குத் தோன்றவில்லை. 1916-ஆம் ஆண்டில் வேதாசலம் என்னும் தம் பெயரை மாற்றிக்கொண்ட மறைமலையடிகளும் தம் புதல்வர்க்குத் திருஞானசம்பந்தம், மாணிக்கவாசகம், திருநாவுக்கரசு, சுந்தரமூர்த்தி என்றே பெயரிட்டிருந்தமை நினைக்கத்தக்கது.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டொன்று இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணை செய்யும். முதலாம் இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டு வரையில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நியமித்த பிடாரர் 48 பேர்; ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் நிவந்தம். அவர்தம் பெயர்கள் அங்கே வரிசையாய் வெட்டப்பெற்றுள்ளன. ஐயாறன் பெண்ணோர்பாகன் ஆன இருதயசிவன் என்றாற்போல மூன்று பெயர் நிற்கக் காணலாம். முன்னது தந்தை பெயர், நடுவணது இயற்பெயர், இறுதியது தீக்கைப்பெயர். இயற்பெயர்களுள் திருநாவுக்கரையன், நம்பியாரூரன் என்னும் அடியார் பெயர்கள் உள்ளன. சீருடைக்கழல், பெண்ணோர்பாகன் என்பனவும் உள்ளன. இவை பதிகத்துச் சொற்றொடர் போலவே ஒலிக்கின்றன! ஆயிரம் ஆண்டுகட்கு முன்னும் பெற்றோர் சிலர் அரிய பெயரை நாடினர், திருமுறையினுள்ளே நாடினர். தீக்கைப்பெயரோ தந்தையும் தெரிந்ததன்று, மகனும் தெரிந்ததன்று. கண்ணைக் கட்டிய மாணாக்கன் மண்டலத்தின்மேல் இட்ட மலர் எத்திசையில், எம்முகத்திற்குரிய இடத்தில் வீழ்ந்ததோ அதற்கேற்ப அமைவது அது. விருப்புவெறுப்புக்கு அங்கு இடமே இல்லை.

புதுப்பெயர் வேண்டுவார்க்கு யாம் இவ்வழியையே காட்டுவோம். மெய்கண்டார்க்கு உரிய பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில் எழுந்தருளிய இறைவர் சுடர்க்கொழுந்துநாதர். அம்மை அழகிய காதலி. திருமறைக்காட்டு அம்மை யாழைப்பழித்த மொழியாள். திருப்புகலூர் அம்மை கருந்தார்குழலி. சுடர்க்கொழுந்து என்று ஒரு சிறுவனை அழைத்தால் வடக்கனந்தலில் மட்டுமன்று, கள்ளக்குறிச்சி முழுதும் அப்பெயருடையானைக் காண்டல் அரிது. எவர்க்கும் இல்லாத பெயர் என்னும் ஆசை இதனால் நிறைவுறும். கோயிலும் பதிகமும் கூடவே வரும்.

முதலெழுத்துக்களைக் கூட்டிய பெயரில் யாம் காணும் குறை அதன் புதுமையன்று. அது பெற்றோரையன்றி வேறெதனையும் நினைப்பியாமையே. குழந்தை வளர்ந்து தன் பெயர்க்குப் பொருள் யாதெனக் கேட்குங்கால் ஒன்றும் சொல்லற்கிராது. எண்கணிதமோ ஆங்கில எழுத்துக்களுக்கு எண் வகுத்து, எண் ஒவ்வாவிடின் ஓரெழுத்தை இரட்டித்து எழுதச்சொல்வது. தமிழில் எழுதினால் அவ்விரட்டிப்பு மறைந்தொழியும்! பிராரத்தம் எழுத்தெண்ணிப் பார்த்து வருவதன்று என்பதைச் சித்தாந்தம் பயின்றார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டா.

இனி மூத்தோர் கேட்கவேண்டிய ஒரு செய்தியும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் நாவாற் கூறலாகாது என்னும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. சில இல்லங்களில் இன்றும் உள்ளது. பாட்டன் பெயரை மகனுக்கு இட்டபின், அத்தாய் அவனை அப்பெயரால் அழைக்க இயலாது ஐயா என்றும், பெரியவன் என்றும், வேறு ஏதேனும் செல்லப்பெயராலும் அழைப்பாள். அவனை வைதால் மாமனாரை வைததாகுமென்று பாட்டி சினப்பாள். பெயர் ஏட்டில் நிற்கும், நாவில் நில்லாது. அழைக்கப்படாத பெயரால் மேற்கூறிய சார்பு யாதும் விளையாது. பாட்டன் பெயரை இடுவதாயின், அதனைத் தாய் வாயாரச் சொல்லி அழைக்கலாம் என்று மூத்தோர் முன்னரே இசைவளித்தல் முறை. சிவபெருமான் திருப்பெயரையோ அடியார் பெயரையோ மாமனார் தாங்கியிருந்தார் என்பது பற்றி ஒரு பெண் தன் வாழ்நாளெல்லாம் அத்திருப்பெயரைச் சொல்லாதொழிதல் சைவத்துக்கு அடுத்ததோ என்றும் அவர் எண்ணிப்பார்க்க.

விரைவு வேண்டா என்பதனையும் சொல்லிவைப்போம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின்னர்த் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரையிலும் சேர்க்கலாம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கிப் பிறந்தார்க்குப் பள்ளியிற் சேர்தல், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றே ஆவணமாயிற்று. இக்காலத்து மூலவோலை அது. அதில் ஒருமுறை எழுதிய பெயரை மாற்றுதல் எளிதன்று. ஆகலின் இரு திறத்தாரும் சில திங்கள் பொறுத்திருந்து, குலகுருவையோ ஓதுவாரையோ உடன்வைத்துப் பேசித் துணிதல் நன்று. முகம் திரிந்து நிற்பார் இருவரிடையே இட்ட பெயரைக் குழந்தை சுமத்தல் கொடிது.

இரண்டாவது மகவு பிறந்தால் அதற்கும் அப்பெயரையே இடலாமோ என்று அவ்வன்பர் கடிதத்தின் ஈற்றில் கேட்டிருக்கின்றார். இடலாம். அப்பூதியடிகள் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்றே அழைத்தார். தருமபுர ஆதீனத்துக் குருமூர்த்திகள் யாவரும் ஆதிகுருவின் ஞானசம்பந்த நாமத்தைத் தம் திருப்பெயரோடு தாங்கி வருகின்றனர். திருவாவடுதுறையில் அம்பலவாண தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் பெயர்கள் மீள மீள வருவன. பட்டத்தின் எண்ணைச் சொன்னால் இன்னார் என்பது தெளிவாம்.