துவக்கின் மரப்பிடியைப் புதுப்பித்தல்

காட்டுப்பன்றியிடமிருந்து சேனையைக் காக்கும் கமக்காரர் சிலரிடம் முந்தையோர் காலத்துத் துவக்குகள் உள. குழலும் பூட்டும் நல்ல நிலையிலிருப்பினும் மரப்பிடி வெடித்திருத்தல் உண்டு. வெடித்த பிடியைக் கம்பியாற் சுற்றிக் கட்டிச் சுடுதல் ஆபத்தாகும். துவக்கு பின்னுதைக்கும்போது அவ்விசையைப் பிடியின் மெல்லிய கழுத்தே தாங்குகின்றது. கழுத்து முறியின் சுடுபவரின் கையும் முகமும் காயமுறும்.

பழுதுபார்க்கும் வேலையை அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்குக் கம்மியரிடமே ஒப்படைத்தல் வேண்டும். எனினும், வேலை செவ்வையாக நடந்ததா என அறியக் கமக்காரர் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நன்று.

முதற் சோதனை: துவக்கில் தோட்டா இல்லையென்பதை உறுதிசெய்தபின்னரே அதனைக் கையாளவேண்டும். குழலையும் முதலிற் சோதிப்பித்தல் அவசியம். கரிமருந்துக்கென அமைந்த பழைய குழல் இக்காலத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காது வெடிக்கக்கூடும். அத்தகைய துவக்கிற்குப் புதுப்பிடி இடுதல் வீண்செலவு.

மரம்: மேனாட்டார் வால்நட் மரத்தைப் பெரிதும் விரும்புவர். அது இலேசானது, உதைப்பைத் தாங்கும், எளிதிற் கோணாது. எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஓராண்டு நிழலில் உலரவிடுதல் வழக்கம். கழுத்துப்பகுதியில் நார் நெடுகச் செல்லவேண்டும். குறுக்கே ஓடினால் அவ்விடத்திலேயே முறியும்.

பொருத்துதல்: இரும்புப் பாகத்தில் விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்து மெல்லெனப் பூசி மரத்தில் அழுத்தவேண்டும். கரி பட்ட இடத்தை மட்டும் கூரிய உளியாற் சிறிது சிறிதாகச் செதுக்கி, இதனைப் பன்முறை செய்யவேண்டும். உதைப்பைத் தாங்கும் முகப்பு இருபுறமும் சமமாகப் படிதல் வேண்டும். பின்னே நீளும் இரும்பு நாக்கின் நுனிக்கும் மரத்துக்குமிடையே கடதாசியளவு இடைவெளி விடவேண்டும். அஃதின்றேல் நாக்கு ஆப்புப்போல நின்று மரத்தைப் பிளக்கும்.

அளவு: விசையிலிருந்து பிடியின் அடிவரை ஏறக்குறைய 14 அங்குலம் பலருக்கும் பொருந்தும். கை குறுகியவர்க்கு இது குறையலாம்.

பராமரிப்பு: ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பலமுறை தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அடுத்ததை இடவேண்டும். பூட்டுக்கிடும் எண்ணெய் மிகுந்து மரத்திலூறின் மரம் கறுத்து மெலியும். எனவே எண்ணெயிட்ட துவக்கைச் சிறிதுநேரம் வாய் கீழ்நோக்க வைத்து, வடிந்த எண்ணெயைத் துடைத்தபின் பூட்டி வைத்தல் வேண்டும்.