படிக்கக் கூடாத இடத்தை முதலில் குறியுங்கள்

சிட்லபாக்கத்தின் உள்தெருக்களில் பல அடுக்குமாடிகளுக்கு வாசல் ஒன்றுதான். அதிலேயே உள்ளே வர ஒரு தடம், வெளியே போக ஒரு தடம். நடுவில் குறுகலாக ஒரு சிமென்ட் மேடை. கார் கண்ணாடியில் ஒட்டிய ஆர்எஃப்ஐடி டேக்கைப் படித்துத் தானாகத் திறக்கும் பூம் பேரியரை இப்படிப்பட்ட வாசலில் வைத்தால் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வரும். வெளியே போகிற காரை உள்ளே வரும் பக்கத்து ஆன்டெனாவும் படித்துவிடுகிறது. வண்டியே இல்லாத தடத்தில் கம்பு எழும்புகிறது. வாசலை ஒட்டி நிறுத்திய கார், ராத்திரி முழுக்க உள்ளே வந்துகொண்டிருப்பதாகப் பதிவாகிறது.

இந்தக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். "இது எவ்வளவு தூரம் படிக்கும் சார்?" என்பதுதான் சங்கச் செயலாளர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. விற்பவர்களும் பத்து மீட்டர், பன்னிரண்டு மீட்டர் என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, எங்கே படிக்கவே கூடாது என்று முதலில் தரையில் கோடு போடச் சொல்வேன். வேலையில் பாதி அந்தக் கோட்டிலேயே முடிந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த வாசல் கருவிகள் வேலை செய்வது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். 2005இல் மத்திய அரசு இதை உரிமம் தேவைப்படாத அலைவரிசையாக அறிவித்தது. டிரான்ஸ்மிட்டர் 1 வாட், ஆன்டெனா வழியே வெளிப்படுவது 4 வாட் என்பது அப்போது வகுத்த உச்சவரம்பு. அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். சந்தையில் கிடைக்கும் சதுரப் பலகை ஆன்டெனாக்கள் பலவற்றில் கதிர் விரியும் கோணம் 70 டிகிரிக்குப் பக்கம். அப்படியானால் மூன்று மீட்டர் தள்ளிப் போனதுமே அதன் அகலம் நாலு மீட்டரைத் தாண்டிவிடும். நம் வாசல் தடமோ மூன்று மீட்டர் இருந்தாலே அதிகம். பக்கத்துத் தடம் நனையாமல் எப்படி இருக்கும்? கோணத்துக்கு வெளியிலும் அலை சட்டென்று நின்றுவிடாது, மெலிந்துகொண்டே போகும், அவ்வளவுதான்.

பவரைக் குறைப்பதில்தான் தொடங்க வேண்டும். பவரை நாலில் ஒரு பங்காக்கினால், அதாவது 6 டெசிபல் இறக்கினால், படிக்கும் தூரம் ஏறக்குறைய பாதியாகும். நான் செய்வது இது: ஒரு பழைய கண்ணாடித் துண்டில் டேக்கை ஒட்டி, பக்கத்துத் தடத்தின் நடுவில், காரின் முன்கண்ணாடி இருக்கும் உயரத்தில் உதவியாளரைப் பிடிக்கச் சொல்வேன். அட்டையில் ஒட்டிப் பார்த்தால் கணக்கு தவறும், ஏனென்றால் இந்த டேக்குகள் கண்ணாடியில் ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஒவ்வொரு டெசிபலாக இறக்கிக்கொண்டே வருவேன்.

"அண்ணே, நின்னுபோச்சு, இப்ப படிக்கல."

"தம்பி, டேக் மேல கை வச்சிருக்க பாரு. கையை எடுத்துட்டு ஓரத்தைப் பிடி."

கையை எடுத்ததும் மறுபடி படிக்கும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். உள்ளங்கை மூடினாலே டேக் ஊமையாகிவிடும். இந்தச் சோதனையில் இரண்டு எண்கள் கிடைக்கும். பக்கத்துத் தடம் எந்த அளவில் நிற்கிறது, சொந்தத் தடம் எந்த அளவுக்குக் கீழே போனால் விட்டுப்போகிறது. இரண்டுக்கும் நடுவே நாலைந்து டெசிபல் இடைவெளி இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் பவரை வைத்து மட்டும் தீர்க்க முடியாது, ஆன்டெனாவைத் திருப்பியாக வேண்டும்.

ஆடி மாதத்தில் தெருமுனையில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை யாராவது கொஞ்சம் திருப்பிவிட்டால் உங்கள் வீட்டுச் சத்தம் எவ்வளவு குறைகிறது! அதேதான் இங்கும். பெரும்பாலான இடங்களில் ஆன்டெனாவை இரண்டு மீட்டர் கம்பத்தில், சாலைக்குக் குறுக்கே பார்க்கிற மாதிரி மாட்டியிருப்பார்கள். காரைத் தாண்டிய அலை நேராக அடுத்த தடத்துக்குத்தான் போகும். மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றி, வருகிற வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக் கீழே சாய்த்து வையுங்கள். மிச்ச அலை தரையில் விழட்டும்.

இரும்பு கேட்டை மறந்துவிடாதீர்கள். அலைக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. கேட் மூடியிருக்கும்போது ஒரு விதமாகவும் திறந்திருக்கும்போது வேறு விதமாகவும் படிக்கும். பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றாலும் அப்படித்தான். எல்லா நிலையிலும் சோதித்துப் பாருங்கள். தடங்களுக்கு நடுவே மறைப்பு வைப்பதானால் தகடு தேவையில்லை, மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள இரும்பு வலை போதும். காற்றும் போகும், காவலாளிக்கு மறுபக்கமும் தெரியும்.

வாசலைப் பொறுத்தவரை, செலவு செய்ய ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தரையில் பதிக்கும் லூப் சென்சாரைச் சொல்வேன். வண்டி வந்ததை அது உணர்ந்து சொல்ல, தன் தடத்தில் வண்டி நிற்கும்போது மட்டுமே ரீடர் வேலை செய்யும். மற்ற நேரம் மௌனம். நிறுத்தி வைத்த கார் தொல்லை அதோடு ஒழிந்தது.

ஒரகடம் பக்கத்துக் கிடங்குகளில், லாரி ஏற்றும் கதவுகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், இன்னொரு சங்கடம் உண்டு. தான் படிக்கப்பட்டதை டேக் நினைவில் வைக்கும் முறைக்கு செஷன் என்று பெயர். சில செஷன் அமைப்புகளில், பெட்டியில் ஒட்டிய டேக் ஒரு முறை படிக்கப்பட்டால், சில நொடிகளுக்கு அதே செஷனில் வேறு யாருக்கும் பதில் சொல்லாது. பக்கத்துக் கதவு முந்திக்கொண்டால் உங்கள் கதவுக்கு அந்தப் பெட்டி வந்ததே தெரியாது. ஒரு கதவுக்கு எஸ்2 செஷன், அடுத்ததற்கு எஸ்3 செஷன் என்று மாற்றி மாற்றி வையுங்கள். டேக் இரண்டையும் தனித்தனியாகவே நினைவில் வைத்திருக்கும். இதற்கெல்லாம் பிறகுதான் சிக்னல் வலிமையை ஒப்பிட்டு முடிவு செய்யும் மென்பொருள். பிரதிபலிப்பால் பக்கத்து ஆன்டெனாவில் வலிமை கூடுவதும் உண்டு என்பதால், எத்தனை முறை படித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பரனூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கைப் படிப்பதும் இதே அலைவரிசைதான். 2021 பிப்ரவரியில் அது கட்டாயமான பிறகு, இப்படிப்பட்ட குடியிருப்புகளில் அநேகமாக எல்லாக் கார்களிலும் இரண்டு டேக்குகள் இருக்கின்றன. குடியிருப்பு ரீடருக்கு இரண்டுமே கேட்கும். அந்நிய எண்ணை ஒதுக்கும்படி அமைக்க வேண்டும். இரண்டையும் ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஃபாஸ்டேக்கை ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டுவோரும் உண்டு. ஆன்டெனாவும் கேமராவும் பார்க்கிற இடத்தில் டேக் இல்லாவிட்டால் வரிசையே குழம்பும். அப்படி ஒட்டாத டேக்குகளைத் தடைப்பட்டியலில் சேர்க்கப்போவதாக 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் அறிவித்தது நியாயமே.

கடைசியாக மழை. ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடி நனைந்தால் படிக்கும் தூரம் குறையும். உடனே யாராவது பவரை ஏற்றிவிடுவார்கள். தையில் வெயில் வந்ததும் பக்கத்துத் தடம் மறுபடி திறக்கத் தொடங்கும். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பவர் அளவு, உயரம், சாய்வு மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரீடர் பெட்டிக்குள் ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தடத்தில் டேக்கைப் பிடித்து, படிக்கவில்லை என்று காட்டிய பிறகே மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.